பப்பில் ‘ரவுண்டு’ முறையிலிருந்து மரியாதையாக விலகுவது எப்படி?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதங்களாகின்றன. வெள்ளிக்கிழமை மாலைகளில் உடன் பணிபுரியும் ஐவருடன் பப்புக்குச் செல்கிறேன். ஒருவர் மாற்றி ஒருவர் எல்லோருக்கும் வாங்கித் தரும் ‘ரவுண்டு’ முறையில், அவர்கள் 568 மில்லிலிட்டர் பைண்ட் பீர் அருந்த, மது அருந்தாத நான் லைம் சோடாவோடு அமர்ந்திருக்கிறேன். ஏழு மணி ரயிலைப் பிடிக்க வேண்டியிருப்பதால் என் முறை வருமுன்பே கிளம்ப நேர்கிறது. சென்ற வாரம் ஒருவர், நுரை காய்ந்த காலிக் குவளையை என் பக்கம் நகர்த்தி, “யுவர் ஷவுட்” என்றார். வாங்கும் முறை உன்னுடையது என்பதே அதன் பொருள்.

முதல் ரவுண்டை நானே வாங்க முயன்றேன், வேறொருவர் முந்திக்கொண்டார். என் சோடாவுக்கு மட்டும் தனியாகப் பணம் கொடுத்தேன், அவர்கள் முகம் வாடியது. இவர்களின் நட்பு எனக்கு மிகவும் முக்கியம்.

ரவுண்டில் சேராமலும், கஞ்சன் என்று பெயரெடுக்காமலும் இருக்க, உள்ளே நுழைந்தவுடன் அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும்?