பொருள்: சுண்டெரே – தமிழில் ஒரு சொல், வெள்ளிக்கிழமைக்குள்

ந. எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். அசைபட வகுப்பின் மூன்றாம் அலகுக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். அனிமே என்னும் ஜப்பானிய அசைபடங்களில் பாத்திரங்களின் குணத்தை முகத்திலும் முடியிலுமே எப்படி எழுதிவிடுகிறார்கள் என்பதுதான் அலகு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘சுண்டெரே’ என்ற இடத்தில் நிற்கிறேன்.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஜப்பானியத்தில் ‘சுன்சுன்’ என்றால் முகம் கொடுக்காமல் விறைப்பாக இருப்பது. ‘தெரெதெரெ’ என்றால் காதலில் குழைந்து வழிவது. இரண்டிலும் பாதி பாதி எடுத்து ஒட்டிய சொல், 2000-களின் தொடக்கத்தில் இணைய ரசிகர் பேச்சில் பரவியது. மேலே சிடுசிடுப்பு, உள்ளே நேசம். வரைகிற முறையும் கிட்டத்தட்ட உறைந்துவிட்டது: வெளி ஓரம் மேலேறிய கண், இரட்டைக் குதிரைவால், கட்டிய கை, திருப்பிக்கொண்ட முகம். கன்னத்தில் மட்டும் சிவப்புக் கோடுகள். 2004-இல் வந்த ‘ஃபேட்/ஸ்டே நைட்’ விளையாட்டின் ரின்னைப் பார்த்தாலே போதும்.

பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியும். ஏன் இப்படி வரைகிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. தமிழில் ஒரு சொல் கையில் இருந்தால் அந்தக் கேள்வியை எழுப்ப முடியும்.

ப. எழுதியது:

அக்கா, நான் அனிமேக்குத் துணைவசனம் (சப்டைட்டில்) எழுதுகிறவன். பலமுறை ‘சிடுமூஞ்சி’ என்று போட்டிருக்கிறேன். பாதிதான் வருகிறது. இந்தப் பாத்திரங்களுக்கென்றே ஒரு வசனம் உண்டு, உதவி செய்துவிட்டு, நன்றி சொன்னதும் சீறுவார்கள்: “ஒ... ஒண்ணும் உனக்காகச் செய்யலை, தெரிஞ்சுக்கோ!” அந்த முதல் எழுத்தின் திக்கலில்தான் உள்ளே இருப்பது வெளியே வருகிறது. அதை எடுத்துவிட்டால் வெறும் சண்டைக்காரிதான் மிஞ்சுவாள். என் ஓட்டு ‘பொய்க்கோபக்காரி’க்கு. பாட்டிக்கும் புரியும்.

இரா. எழுதியது:

பொய்க்கோபம் என்றால் நடிப்பு என்றாகிவிடும் தம்பி. அவளுடைய கோபமும் உண்மை, நேசமும் உண்மை. இந்தக் குணத்தை வள்ளுவர் அப்படியே பிடித்திருக்கிறார், குறள் 1097:

செறாஅச் சிறுசொல்லும் செற்றார்போல் நோக்கும்
உறாஅர்போன்று உற்றார் குறிப்பு.

பகையில்லாத கடுஞ்சொல், பகைவர்போல் ஒரு பார்வை. யாரோபோல் இருந்துகொண்டு உள்ளே அன்பு வைத்தவரின் அடையாளம் அது. யாரும் ‘ஊடல்’ என்று கிளம்பிவிட வேண்டாம். ஊடல் கூடிய பின் வருவது. இது கூடுவதற்கு முன்னால் உள்ள நிலை. அதனால்தான் இக்குறள் புலவி அதிகாரத்தில் இல்லாமல் குறிப்பறிதல் அதிகாரத்தில் இருக்கிறது. என் பரிந்துரை: செறாச்சொல்லி.

மு. எழுதியது:

எல்லாரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். சுண்டெரேயின் முதல் பாதி நம் ‘சுண்டு’தான். முகம் சுண்டிப்போயிற்று என்கிறோமே! ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ வாழ்நாளெல்லாம் எழுதினார். சொல் நம்முடையது என்றால் ‘சுண்டாள்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

ப. எழுதியது:

ஐயா, ஓனோவின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அவர் முடிவை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அதை விடுங்கள், நீங்கள் காட்டும் ‘ண்டு’வில் உள்ள ட எங்கிருந்து வந்தது? ‘சுன்சுன்’னில் அது இல்லை. ‘தெரெ’ வந்து ஒட்டும் இடத்தில்தான் அந்த ஒலியே பிறக்கிறது. அதுவும் ஜப்பானியத்தில் பல்லொலி. சரியாக எழுதினால் ‘சுந்தெரே’. ஆங்கில எழுத்து வழியாக வந்ததால் ட ஆக்கிவிட்டோம். வேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுதான் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. ‘சுன்சுன்’, ‘தெரெதெரெ’ இரண்டும் நம் இரட்டைக்கிளவி போன்றவை. அவர்கள் செய்ததையே நாமும் செய்தால் என்ன? சிடுசிடு, குழைதல்: சிடுகுழை. முதலில் சிடுப்பு, பிறகு குழைவு என்ற வரிசையும் நிற்கிறது. தொடக்கத்தில் ‘சுண்டெரே’ என்ற சொல் கதைப்போக்கில் மெல்ல மாறும் பாத்திரத்தைத்தான் குறித்தது. நிமிடத்துக்கு நிமிடம் மாறுபவர்களுக்கும் ஆனது பிறகுதான்.

இரா. எழுதியது:

“இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா.” தொல்காப்பியம், கிளவியாக்கம். சிடுசிடுவைப் பிளக்க முடியாது.

ப. எழுதியது:

சிடுமூஞ்சி?

இரா. எழுதியது:

அது வழக்கு; மறுக்கவில்லை. ஆனால் ‘குழை’ காதணியும் ஆகும், தளிரும் ஆகும். ‘கனங்குழை’ என்றால் கனத்த குழை அணிந்தவள், அன்மொழித்தொகை. ‘சிடுகுழை’யைக் கேட்கும் தமிழறிந்தவன் காதைத்தான் பார்ப்பான்.

செ. எழுதியது:

ஐயா, நீங்கள் தடையாகச் சொன்னது எனக்கு வழியாகத் தெரிகிறது. பொற்றொடி, சேயிழை, கனங்குழை: அணிந்ததைச் சொல்லி ஆளைக் குறித்தோம். அனிமே ரசிகர்களும் ‘நெகோமிமி’ என்கிறார்கள். சொல்லுக்குப் பொருள் பூனைக்காது. குறிப்பது அந்தக் காது வைத்த பெண்ணை. ஜப்பானியப் பண்பாட்டு விமர்சகர் ஹிரோக்கி அசுமா 2001-இல் எழுதிய நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். பூனைக்காது, மணி, வேலைக்காரி உடை, நட்டுக்கொண்டு நிற்கும் ஒரு கற்றை முடி, இவையெல்லாம் ஒரு கிடங்கில் கிடக்கின்றன. எடுத்துக் கோத்தால் ஒரு பாத்திரம். அவர் காட்டிய ‘டி ஜி சாரத்’ 1998-இல் ஒரு கடையின் அடையாளப் பொம்மையாகப் பிறந்தவள். முதலில் உருவம் வந்தது, கதை பிறகுதான்.

அதனால் நான் அஞ்சுவது வேறு. ‘செறாச்சொல்லி’ என்று குறளிலிருந்து பெயர் வைத்தால், பெண்ணின் இயல்பே இது என்று ஆகிவிடும். அவள் ‘போ’ என்றால் ‘வா’ என்று பொருள் என்பதை ஒரு பத்தொன்பது வயதுப் பையன் வள்ளுவர் பெயரால் கற்றுக்கொண்டு போவான். இது வரைபவர் கைக்கு வந்த அச்சு. 1995-இன் ‘எவாஞ்சலியன்’ அனிமே தொடரில் வரும் அசுக்காவைப் பாருங்கள். அந்தச் சொல் பரவுமுன் வந்தவள், அவள் கோபத்துக்குத் தாயை இழந்த கதை இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் பலரும் இடுப்பில் வைத்த கையையும் சீற்றத்தையும் எடுத்துக்கொண்டு துயரத்தை விட்டுவிட்டார்கள். பெயரிலேயே ‘வார்ப்பு’ இருக்கட்டும்: சிடுகுழை வார்ப்பு.

மு. எழுதியது:

ஆண் பாத்திரங்களுக்கு?

செ. எழுதியது:

வார்ப்புக்குப் பால் இல்லை. அதுவும் ஒரு வசதி.

ந. எழுதியது:

வியாழன் இரவு பதினொன்றரை. எல்லாருக்கும் நன்றி. ‘சிடுகுழை வார்ப்பு’ என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் “ரசிகர்கள் சுண்டெரே என்பார்கள்” என்று ஒரு வரி. நான்கு பேர் சரி என்றார்கள், அதில் இரண்டு பேர் களைப்பில் சொன்னது போலத்தான் இருக்கிறது. செ. சொன்ன அசுக்காவைப் பயிற்சியாகச் சேர்த்துவிட்டேன்: ஒரே முகத்தை மேலேறிய கண்ணோடு ஒருமுறை, ஓரம் சரிந்த கண்ணோடு ஒருமுறை வரைய வேண்டும். அதே வசனத்தை இரண்டின் அடியிலும் எழுத வேண்டும். நானே இன்று மாலை வரைந்து பார்த்தேன். கண்ணின் ஓரத்தைக் கொஞ்சம் கீழே இறக்கியதும் அதே “உனக்காக இல்லை” கெஞ்சலாகிவிட்டது.

இரா. எழுதியது:

பயிற்சி நன்று அம்மா. வார்ப்பு என்பதையும் ஏற்கிறேன். சிடுகுழையை ஏற்கவில்லை, குழை காதில்தான் தொங்கும். அடுத்த பதிப்புக்கு முன் ‘செறாச்சொல் வார்ப்பு’ என்பதை மீண்டும் முன்வைப்பேன். குறள் கெடுக்காது, கெட்டால் நாம் சொல்லித்தரும் விதத்தால் கெடும். செ. அம்மாவுக்கு இதைத் தனியே விரிவாக எழுதுகிறேன்.