பொருள்: பைபாஸ் வால்வுக்குத் தமிழ் – புறவழி வேண்டாம், கலிங்கு வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மலைப்பாதை வண்டிகளுக்கான நம் கையேட்டில், எண்ணெய் வடிகட்டி பற்றிய இயலில் வரும் பைபாஸ் வால்வுக்கு (எண்ணெய் வடிகட்டியில் இறங்காதபோது அதை வடியாமலே என்ஜினுக்கு விடும் உறுப்புக்கு) ‘புறவழி அடைப்பிதழ்’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று சென்ற வாரம் பலரும் எழுதியிருந்தீர்கள். அகராதியில் ஏற்கெனவே இருக்கிறது, இன்னும் எதற்கு விவாதம் என்று ஒருவர் கேட்டிருந்தார். தருமபுரியில் ஜீப் பட்டறை வைத்திருக்கும் எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு என்னிடம் தொழில் பழக வந்திருக்கும் தம்பியிடம் நம் வரைவுப் பக்கங்களைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், பள்ளத்தில் இறங்கி, மேலே நின்ற ஜீப்பின் அடியில் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார். “என்ன தம்பி தேடுகிறாய்?” என்றேன். “புறவழிக் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்க்கிறேன் அண்ணா” என்றார்.

அவர்மேல் பிழை இல்லை. புறம் என்றால் வெளியே. புறவழி என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் நினைவுக்கு வரும். ஊருக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போகும் சாலை. ஓட்டுநர் விரும்பினால் அதில் போவார், விரும்பினால் ஊருக்குள் வருவார். வடிகட்டியில் இருக்கும் வால்வுக்கு இந்த இரண்டு இயல்புமே கிடையாது. அது வெளியே இல்லை. விருப்பத்துக்குத் திறப்பதும் இல்லை.

அன்று கழற்றி வைத்திருந்த பழைய வடிகட்டி ஒன்றை அவருக்கு வெட்டிக் காட்டினேன். இதற்கு ரம்பம் போடக் கூடாது. ரம்பத்தின் இரும்புத் தூள் உள்ளே விழுந்து, என்ஜினிலிருந்து வந்த தேய்மானத் தூளோடு கலந்துவிடும். பிறகு எது எதுவென்று தெரியாது. விளிம்பைச் சுற்றி வெட்டும் உருளைக் கட்டர்தான் சரி. அந்த வடிகட்டி கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரிக்குப் போய்வரும் ஜீப்பினுடையது. விசிறிபோல் நிற்க வேண்டிய காகித மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுக்குழாயின்மேல் சப்பையாகப் படிந்திருந்தன. அடியில், நாணயத்தைவிடச் சிறிய தகடும் அதைத் தாங்கும் ஸ்பிரிங்கும் இருந்தன. அதுதான் பைபாஸ் வால்வு. அதில் எண்ணெய்ப் பிசின் பழுப்பாகப் பிடித்து, கட்டை விரலால் அழுத்தினாலும் தகடு அசையவில்லை. திறக்க வேண்டிய நேரத்தில் அது திறக்காததால்தான் முழு அழுத்தத்தையும் காகிதம் தாங்கி நசுங்கியிருக்கிறது.

தம்பிக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தபோது வாயில் தானாக வந்த சொல் ‘கோடி’. எங்கள் பக்கம் ஏரி நிரம்பினால் ‘ஏரி கோடி போகிறது’ என்போம். கரை உடைந்துவிடாமல் இருக்க, மிகுந்த நீரை வெளியேற்ற முன்னோர் கட்டிவைத்த தாழ்ந்த கல்வரிசை அது. “காகிதம் கரை, இந்தத் தகடு கோடி” என்றேன். அடுத்த கேள்வியை அவரே கேட்டார்: “அப்படியானால் ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியோ, அதுதான் கோடியின் உயரமா அண்ணா?” ஆமாம், அதேதான். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு அந்த உயரத்தைத் தாண்டினால் எண்ணெய் காகிதத்தைத் தொடாமல் என்ஜினுக்குப் போய்விடும். பல வடிகட்டிகளில் அது 1 பார் அளவை ஒட்டி இருக்கும். என்ஜினுக்கு என்ஜின் மாறும். அழுக்கு எண்ணெய் போவது கெடுதல்தான். ஆனால் எண்ணெயே போகாமல் பேரிங் காய்வது அதைவிடப் பெரிய கெடுதல். இந்தக் கணக்கைச் சொல்லாத எந்தச் சொல்லும் இந்த உறுப்புக்குப் பெயராகாது.

‘அடைப்புவழி’ என்று சொன்ன கோவைத் தம்பிக்கு ஒன்று. அடைப்பு இல்லாமலும் இது திறக்கும். மார்கழி விடியலில் தளியிலோ பெட்டமுகிலாளத்திலோ வண்டியை முடுக்கிப் பாருங்கள். இரவெல்லாம் குளிர்ந்து கெட்டிப்பட்ட எண்ணெய், நேற்று மாட்டிய புது வடிகட்டியின் காகிதத்தில்கூட எளிதாக இறங்காது. உடனே ஆக்சிலரேட்டரை மிதித்தால் தகடு திறந்துகொள்ளும், வடியாத எண்ணெய் ஓடும். அதனால்தான் குளிரில் முடுக்கியதும் கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிடச் சொல்கிறோம். பெயரில் அடைப்பை வைத்துவிட்டால் இந்தப் பாடம் தொலைந்துபோகும்.

இனி நான் மிகவும் அஞ்சும் குழப்பத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ‘பைபாஸ் ஃபில்டர்’ என்று வேறொன்று இருக்கிறது. பழைய வில்லிஸ் ஜீப்பில் இருந்தது அதுதான். பம்ப் தள்ளும் எண்ணெயில் ஒரு சிறு பங்கு மட்டும் கிளை பிரிந்து வடிகட்டிக்குள் போய், வடிந்து, மீண்டும் சேம்பரில், அதாவது என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில், விழும். மற்றதெல்லாம் வடியாமலே பேரிங்குக்குப் போகும். இப்போதைய வண்டிகளில் எண்ணெய் முழுவதும் வடிகட்டியைக் கடந்தே போகிறது. ஆக, பைபாஸ் ஃபில்டரில் கிளை பிரியும் எண்ணெய் வடிகிறது. பைபாஸ் வால்வில் விலகிப் போகும் எண்ணெய் வடிவதில்லை. இரண்டும் நேர் எதிர். ஆங்கிலம் ஒரே சொல்லைச் சொல்லித் தடுமாறுகிறது என்பதற்காக நாமும் இரண்டுக்கும் ‘புறவழி’ என்று எழுத வேண்டுமா? முதலாவதைக் ‘கிளை வடிகட்டி’ என்போம், கிளை வாய்க்கால்போல. இப்போதைய வகை ‘முழுப்பாய்வு வடிகட்டி’. வால்வுக்கு ஏரிக்கரையிலிருந்து சொல் எடுப்போம்.

எந்தச் சொல்? என் காதுக்குக் கோடிதான் இனிக்கிறது. ஆனால் அச்சில் ‘கோடி வால்வு’ என்று படிக்கும் மதுரைக்காரர் ரூபாய்க் கணக்கை நினைப்பார். திருநெல்வேலி ஐயா ‘மறுகால்’ என்று எழுதியிருந்தீர்கள். குளம் மறுகால் பாய்ந்தது என்று உங்கள் பக்கச் செய்திகளில் படிக்கும்போதெல்லாம் நான் ரசித்த சொல் அது. ஆனால் ஐயா, மறுகால் என்பது மிகுந்த நீரின் பாய்ச்சலின் பெயர். அதை வழியவிடும் கட்டுமானத்தின் பெயர் கலிங்கு. இரண்டையும் வைத்துக்கொள்வோம். தகடும் ஸ்பிரிங்கும் சேர்ந்த உறுப்பு ‘கலிங்கிதழ்’. அது திறந்து எண்ணெய் ஓடினால் ‘வடிகட்டி மறுகால் பாய்கிறது’. பெயரும் வினையும் ஒரே குளத்திலிருந்து வருகின்றன.

இதற்கு இணையாக இன்னொரு வால்வும் உண்டு: வண்டி நின்றபின் வடிகட்டியிலுள்ள எண்ணெய் சேம்பருக்கு இறங்கிவிடாமல் பிடித்துவைக்கும் ரப்பர் வளையம். படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டும் வடிகட்டிக்கு இது இன்றியமையாதது. இல்லையென்றால் காலையில் முடுக்கியதும் எண்ணெய் வந்து சேரும்வரை என்ஜின் கடகடவென்று தட்டும். இதைத் ‘தேக்கிதழ்’ என்கிறேன். இது தேக்குகிறது, அது வழிய விடுகிறது.

சேம்பரிலிருந்து பம்ப் எண்ணெய் எடுக்கும் உறிஞ்சு குழாயின் முனையில் உள்ள கம்பிவலையையும் ‘வடிகட்டி’ என்று வரைவில் எழுதியிருக்கிறோம். அது வேறு, இது வேறு. நன்னூல் கடை மாணாக்கருக்கு உவமையாக நெய்யரியைச் சொல்கிறது. நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடை. மாணவருக்குக் குறையான அந்தக் குணம்தான் இந்த வலையின் வேலை. ஆகவே வலைக்கு ‘எண்ணெயரி’, காகிதத்துக்கு ‘வடிகட்டி’. வத்தல்மலை வளைவுகளில் வண்டி சாய்ந்து ஏறும்போது எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி, எண்ணெயரி காற்றை உறிஞ்சினால் அழுத்த விளக்கு மினுக்கும். அந்த நேரத்தில் எவ்வளவு நல்ல வடிகட்டியும் உதவாது.

என்ஜின் தேர்வு இயலில் குதிரைத்திறன் பட்டியலை முன்னால் வைத்திருப்பதும் எனக்கு ஒப்பவில்லை. காட்டுப்பாதையில் ஓட்டுபவர்கள் கேட்பது இழுவை. அதுவும் குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவை. மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பில் வந்த பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 என்ஜினை இன்றும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். நான்கு சிலிண்டர், 90 மி.மீ. விட்டம், 2112 சி.சி., காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லை. எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். இன்றைய மகிந்திரா தாரின் 2184 சி.சி. டீசலும் ஃபோர்ஸ் குர்காவின் 2596 சி.சி. டீசலும் டர்போ வைத்தவை. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல்கூடப் போகும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. அங்கே கலிங்கிதழ் ஒட்டிக்கொண்டாலும் ஆபத்து, நாள்கணக்காக மறுகால் பாய்ந்தாலும் ஆபத்து. எனவே புது வண்டி வாங்குபவருக்கு வடிகட்டி இயல்தான் முதலில் வர வேண்டும் என்பேன்.

வடிகட்டி வாங்குபவர் பார்க்க வேண்டிய எண் பீட்டா விகிதம். இதற்கு ‘வடிவிகிதம்’ போதும். ஐ.எஸ்.ஓ. 4548 தரத்தின் 12ஆம் பகுதி இதற்கான சோதனையைச் சொல்கிறது. 20 மைக்ரானில் வடிவிகிதம் 75 என்றால், அந்த அளவும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 75 உள்ளே போனால் ஒன்றுதான் வெளியே வரும்; அதாவது 98.7 விழுக்காடு பிடிபடும். வடிகட்டியைத் திருகி மாட்டும் மரையின் அளவையும் சேர்த்து எழுதுங்கள். முக்கால் அங்குல மரைக்கு 20 மி.மீ. வடிகட்டி தளர்வாக ஏறிவிடும். பொருந்திவிட்டது என்று நம்பி மலையேறினால் நடுவழியில் கழன்று எண்ணெய் முழுவதும் கொட்டும். சில என்ஜின்களில் கலிங்கிதழ் வடிகட்டியில் இல்லாமல் என்ஜின் பிளாக்கிலேயே இருக்கும் என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும்; மரை ஒத்துப்போகிறது என்பதற்காக வேறு வண்டியின் வடிகட்டியை மாட்டுவதில் உள்ள தவறு அப்போதுதான் புரியும்.

‘கலிங்கு’ ஊர்ப்புறச் சொல், பொறியியல் மாணவருக்குத் தெரியாது என்று சென்னையிலிருந்து அம்மா ஒருவர் எழுதியிருந்தார். அம்மா, ஏரி கட்டியவர்களின் பொறியியல் சொல்தான் அது. மாணவருக்குத் தெரியாவிட்டால் இந்தக் கையேட்டில் கற்றுக்கொள்ளட்டும். பட்டறையில் பேசும்போது பைபாஸ் வால்வு என்றே சொல்வோம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. எழுதும்போது மட்டும், படிக்கிறவர் ஜீப்புக்கு அடியில் குழாய் தேடாத சொல் வேண்டும்.

ஒரு கேள்வி இன்னும் தீரவில்லை. தகட்டை ‘இதழ்’ என்பது பொருந்துமா? தேக்கிதழ் ரப்பர், மெல்லியது, இதழ் என்றே சொல்லலாம். கலிங்கிதழ் இரும்புத் தகடு. ‘கலிங்குத் தகடு’ என்று நிறுத்திக்கொள்ளலாமா என்று தம்பி கேட்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கருத்தை எழுதுங்கள். சனிக்கிழமை சித்தேரிக்கு ஒரு வண்டியைப் பார்க்கப் போகிறேன், திரும்பி வந்ததும் வரைவைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து