ஜாம்பியாவில் இருக்கும் தங்கச்சியிடம் அப்பாவின் உடம்பைப் பற்றிச் சொல்லலாமா?

முட்டம்_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தங்கச்சி கன்னியர் மடத்தில் சேர்ந்து, நர்சிங் முடித்து, துறவற உறுதிமொழியான முதல் வார்த்தைப்பாடு கொடுத்து, இங்கேயே சபை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு இருந்தாள். இந்த வருஷம் சபை அவளை ஜாம்பியாவுக்கு அனுப்பிவிட்டது. தெற்கு மாகாணத்தில் சோமா என்ற டவுனில் இருந்து உள்ளே போகவேண்டிய ஒரு கிராம ஆஸ்பத்திரி. எங்கள் குடும்பத்தில் சவூதிக்கும் துபாய்க்கும் போனவர்கள் நிறைய உண்டு, ஆப்பிரிக்காவுக்கு வேதம் சொல்லப் போனது அவள்தான் முதல் ஆள்.

அம்மாவுக்கு அதில் பெருமைதான், கோயிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் போனை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவாள், யார் கூப்பிட்டாலும் எழும்ப மாட்டாள். தங்கச்சி கூப்பிட்டதும் "மக்களே, சாப்பிட்டியா, என்ன கறி, எப்ப வருவே" என்று கேட்டு அழ ஆரம்பிப்பாள், அதற்குள் லைன் போய்விடும். சில வாரம் அழைப்பே வராது, அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. எங்கள் சித்தப்பாவோ, "கடவுளுக்குக் கொடுத்த பிள்ளையை இப்படி இழுத்துப் பிடிக்கக்கூடாது, சவேரியார் என்ன வீட்டுக்கு போன் பேசிக்கிட்டா ஊழியம் செஞ்சார்" என்கிறார்.

இதற்கு நடுவில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, நாகர்கோவிலில் ஸ்டென்ட் வைத்துக் கூட்டிவந்திருக்கிறோம். இப்போது நல்லபடியாக இருக்கிறார். அவளுக்கு மட்டும் தெரியாது. அண்ணன், "தனியா கிடக்கிற பிள்ளை, நினைச்சா ஓடி வரவும் முடியாது, சொல்லி என்ன ஆகப்போகுது" என்று சத்தம் போடுகிறான். அவளோ ஒவ்வொரு தரமும் அப்பா எங்கே என்று கேட்கிறாள், கடலுக்குப் போயிருக்கிறார் என்கிறோம். எனக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளைகளை இப்படித் தூரமாக அனுப்பியவர்கள் என்ன செய்கிறீர்கள்? சொல்லுங்கள்.

தக்கலை_சிஸ்டர்:

சகோதரி, நானும் தான்சானியாவில் இருந்துவிட்டு வந்தவள். முதலில் சித்தப்பாவுக்கு ஒரு பதில். கோட்டாறு திருவிழாவுக்காக டிசம்பர் 3 அன்று கன்னியாகுமரி மாவட்டத்துக்கே லீவு விடுகிறார்களே, அந்தச் சவேரியார் தன் தோழர்கள் எழுதிய கடிதங்களில் இருந்து அவர்களுடைய கையெழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்து நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தார். ஐரோப்பாவில் இருந்து ஒரு பதில் வர வருஷக்கணக்கில் ஆன காலம் அது. புனிதருக்கே அந்த ஏக்கம் இருந்தது, நம் பிள்ளைக்கு இருக்காதா? வீட்டைத் தேடுவதால் கடவுள் கொடுத்த துறவற அழைத்தல் ஒன்றும் குறைந்துபோகாது.

அவள் கூப்பிடாத வாரம் பயப்படாதீர்கள். வார்டு, செபம், சமையல் முறை எல்லாம் முடிந்துதான் போனைத் தொட முடியும், சில மடங்களில் அதற்கென்று நேரமே வைத்திருப்பார்கள். அதோடு கரண்ட். ஜாம்பியா பெரும்பாலும் நீர்மின்சாரத்தை நம்பி இருக்கிற நாடு, 2024-ல் மழை பொய்த்து கரீபா அணையில் தண்ணீர் இறங்கியபோது ஒரு நாளில் பெரும்பாதி நேரம் கரண்ட் இல்லாமல் மக்கள் கிடந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சோலார் இருந்தாலும் ஆபரேஷன் தியேட்டருக்கும் தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜுக்கும் போய் மிச்சம் இருந்தால்தான் போனுக்கு. ஆகவே அந்த மடத்துத் தலைமைச் சகோதரியின் நம்பரையும், இங்கே உள்ள சபையின் தலைமை வீடான மாகாண இல்லத்தின் நம்பரையும் வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப நாள் சத்தம் இல்லை என்றால் அங்கே கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பேச்சை விட வாய்ஸ் மெசேஜ் நல்லது. நெட் வரும்போது தானாகப் போய்ச் சேரும், லைன் போகிற கவலை இல்லை. அம்மாவை அழாமல் பேசவைக்க வழி, கையில் வேலை கொடுப்பது. மீன் ஆயும்போது போனைப் பக்கத்தில் வைத்து ஊர்க்கதையைச் சொல்லச் சொல்லுங்கள். யார் வீட்டுக் கல்யாணம், எந்த வள்ளத்துக்கு எவ்வளவு மீன்பாடு, எல்லாம். எனக்கு என் அம்மா ஒருமுறை அப்படி அனுப்பியதில் பின்னால் பூனை கத்துவதும், செதில் சுரண்டும் சத்தமும், நடுவில் கோயில் மணியும் கேட்டது. நைட் டியூட்டி முடிந்து வந்தால் அதைப் போட்டுவிட்டுத்தான் படுப்பேன்.

"எப்ப வருவே" மட்டும் வேண்டாம். அது அவள் கையில் இல்லை, சபை முடிவு செய்வது.

மார்த்தாண்டம்_வாத்தியார்:

1980-களில் ஜாம்பியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அந்த ஊர் மனுஷர்கள் தங்கமானவர்கள், அதை முதலில் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கும் கவலை வேண்டாம். மக்காச்சோள மாவில் ஷீமா என்று கெட்டியாகக் களி கிண்டுவார்கள். கரீபா ஏரியில் பிடிக்கிற கப்பென்டா என்ற பொடிமீனைக் காயவைத்து விற்பார்கள், தக்காளி வெங்காயம் போட்டு வதக்கினால் நம்ம நெத்தோலிக் கருவாட்டுக்கு ரொம்ப தூரம் இல்லை. கடற்கரைப் பிள்ளைக்கு அது கிடைத்தால் போதும்.

நேரக் கணக்கு சுலபம். நாம் 3.30 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இரண்டு நாட்டிலும் குளிர்காலம் கோடைகாலம் என்று கடிகாரத்தை மாற்றுவது இல்லை, ஆகவே வருஷம் முழுக்க ஒரே கணக்கு. அங்கே மாலை 4 மணி என்றால் முட்டத்தில் இரவு 7.30. அவளுக்கு இரவு 8 ஆனால் அம்மாவுக்கு 11.30, வயசானவர்களை அதுவரை முழித்திருக்க வைக்காதீர்கள்.

முக்கியமான ஒன்று, மலேரியா. அங்கே உள்ளது மூளை வரை போகக்கூடிய வகை. அவள் நர்ஸ், அங்கே இருக்கும்போது பார்த்துக்கொள்வாள். லீவுக்கு வந்தபிறகு காய்ச்சல் வந்தால்தான் ஆபத்து, இங்கே யாருக்கும் சட்டென்று தோன்றாது. ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவள் என்று டாக்டரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லி அன்றைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கள்.

கையால் ஒரு கடிதமும் எழுதுங்கள், சபையின் தபால் பெட்டி நம்பருக்கு. வர நாளாகும், இருந்தாலும் எழுதுங்கள். நாங்கள் சி.எஸ்.ஐ., எங்கள் பக்கம் மிஷனரி வரலாறு சொல்லித்தான் பிள்ளைகளை வளர்ப்போம். 1806-ல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே ஐயர் உடம்பு தளர்ந்து 1816-ல் இங்கிருந்து கிளம்பினார், கடைசியில் எங்கே எப்படி முடிந்தார் என்று இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அவர் வீட்டாரை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். உங்களுக்குத் தாமதமாகவாவது ஒரு குரல் வருகிறதே.

வள்ளவிளை_தம்பி:

அக்கா, அப்பா விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்தபோது நான் துறவறப் பயிற்சியில் இருக்கிற பிரதராகப் பிலிப்பைன்ஸில் படித்துக்கொண்டு இருந்தேன். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று எங்கள் கரை முழுக்க ஆழ்கடலுக்குப் போனவர்களைத் தேடிக்கொண்டு இருக்கிறது. கரண்ட் கம்பம் எல்லாம் சாய்ந்து கிடந்ததால் வீட்டுக்கு போன் போகவில்லை. அப்புறம் லைன் கிடைத்தபோது அம்மா "எல்லாரும் நல்லா இருக்கோம், நீ படி" என்றாள். என் மாமா மகன் கரைக்கு வரவில்லை என்பதை ஃபேஸ்புக்கில் யாரோ போட்ட போட்டோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், சாப்பாட்டு அறையில், முன்னால் தட்டு இருக்கும்போது. அவர்கள் அன்பினால்தான் மறைத்தார்கள், எனக்கு அது தெரியும். ஆனால் அதற்கப்புறம் வீட்டில் இருந்து "நல்லா இருக்கோம்" என்று வந்த எந்தச் செய்தியையும் என்னால் நம்ப முடியவில்லை. ராத்திரி ராத்திரியாக ஊர் குரூப்களைத் தோண்டிக்கொண்டு இருப்பேன்.

உங்கள் தங்கச்சி இப்போதே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். அவள் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் அப்பா வாயாலேயே சொல்லட்டும். ராத்திரி சொல்லிவிட்டு வைக்காதீர்கள், அவளுக்குப் பேச ஆள் இருக்கிற பகல் நேரமாகப் பாருங்கள். முடிந்தால் அங்குள்ள மதரிடமும் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

குளச்சல்_ராணி:

தம்பி சொன்னதுதான் சரி, எனக்கு வேறு வார்த்தை இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அவள் அனுப்புகிற ஆஸ்பத்திரி போட்டோவை அன்பியம் என்கிற நம் பங்குக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அப்படியே தட்டிவிடாதீர்கள். படுக்கையில் கிடக்கிற நோயாளியும், எலும்பும் தோலுமான குழந்தையும் அவளை நம்பி முகம் காட்டியவர்கள். அதுவும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே. ஊருக்குக் காட்ட எது, வீட்டோடு வைக்க எது என்று அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். என் மகன் ஒரு போட்டோவுக்காக அவன் இருக்கிற இடத்தில் விளக்கம் சொல்லவேண்டி வந்தது.

முட்டம்_அக்கா:

எல்லாருக்கும் நன்றி. வள்ளவிளைத் தம்பி எழுதியதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் பேசாமல் எழுந்து போனான், அப்புறம் திரும்பி வந்து "சரி, சொல்லு" என்றான். சிஸ்டர் சொன்னபடி மதர் நம்பரை வாங்கி முதலில் அவர்களிடம் பேசினேன், ரொம்ப அன்பாகப் பேசினார்கள், அவளை ஆபீஸுக்கே கூப்பிட்டு உட்காரவைத்து லைன் கொடுத்தார்கள். அப்பாதான் சொன்னார். கொஞ்ச நேரம் அவளிடம் சத்தமே இல்லை. பிறகு நர்சம்மா ஆகிவிட்டாள். எந்தக் குழாயில் அடைப்பு, ரத்தம் உறையாமல் இருக்க என்ன மாத்திரை, தினமும் போடுகிறாரா, பீடியை விட்டாரா என்று வரிசையாகக் கேள்வி. ஸ்டென்ட் வைத்தவர் அந்த மாத்திரையை ஒரு நாள் கூட விடக்கூடாது என்று அப்பாவிடம் மூன்று தரம் சொல்லவைத்தாள். அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். "கடலுக்குப் போயிருக்கார்னு என்கிட்டயே சொன்னீங்களே" என்று என்னை நன்றாகத் திட்டினாள், வாங்கிக்கொண்டேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரை அட்டைகளையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். வாத்தியார் ஐயா, கப்பென்டா அவர்கள் மெஸ்ஸில் வாரம் ஒருமுறை உண்டாம், புளி இல்லாததுதான் குறையாம். மாகாண இல்லத்தில் இருந்து யாராவது அந்தப் பக்கம் போனால் கொஞ்சம் குடம்புளி கொடுத்துவிடலாமா என்று நாளைக்குக் கேட்கப்போகிறேன்.