ஆத்தா அப்பச்சியைப் பறிகொடுத்த வயசுல படிச்ச கதை – உங்க அனுபவத்தைப் பகிருங்க

கானாடுகாத்தான் பொண்ணு

பன்னிரண்டு ஏழு. படிச்சவுகளுக்குத் தெரியும், அந்த நேரத்துக்குத்தான் மரம் நடந்து வரும். 'எ மான்ஸ்டர் கால்ஸ்' நாவலைப் பத்தித்தான் சொல்றேன். அம்மா நோயில கிடக்கிற ஒரு பையன்கிட்ட, கல்லறைப் பக்கத்துல நிக்கிற யூ மரம் ராத்திரியில நடந்து வந்து கதை சொல்லும்.

ஆத்தா போய் நாப்பது நாள்கூட ஆகலை. நான் பிளஸ் டூ. கேதம் கேட்க ஆளுக வந்துக்கிட்டே இருந்தாக, ஆம்பளைக முகப்புல, பொம்பளைக வளவுல. எல்லாரும் என் தலையைத் தடவி, "இனி நீதாண்டி தம்பிக்கு ஆத்தா"ன்னு சொல்லிட்டுப் போவாக. மெட்ராஸ்லருந்து வந்த அயித்தை மக இந்தப் புத்தகத்தை வச்சிட்டுப் போனா. இரண்டாங்கட்டுல ஆத்தங்குடிக் கல்லு மேல குப்புறப் படுத்து வாசிச்சேன்.

கதையில அந்த அம்மாவுக்குக் கடைசியாக் கொடுக்கிற மருந்து யூ மரத்துலருந்து எடுத்ததுன்னு வருது. எந்திரிச்சு உட்கார்ந்துட்டேன். எங்க ஆத்தா ஃபைல்ல பாக்ளிடாக்சல்னு ஒரு புற்றுநோய் மருந்து எழுதியிருக்கும். தேடிப் பார்த்தா, அதையும் முதல்ல ஒரு யூ மரப் பட்டையிலருந்துதான் பிரிச்செடுத்திருக்காங்க. அதே சாதி மரம். அங்கயும் காப்பாத்தலை, இங்கயும் காப்பாத்தலை.

அப்புறம் நாலாவது கதை. மூணு கதை மரம் சொல்லும், நாலாவதை அந்தப் பையனே சொல்லணும். அம்மா கையை விட்டதை. முடிஞ்சாத் தேவலைன்னு நினைச்சதை. மதுரையில ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒரு ராத்திரி நானும் அதை நினைச்சேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்லை, இப்பத்தான் எழுதுறேன்.

பள்ளத்தூர்க்காரன்

தங்கச்சி, எனக்கு நாலாவது கதை ஒட்டலை. அந்தப் பையன் தனியாக் கிடக்கான், அப்பா அமெரிக்காவுல வேற குடும்பத்தோட இருக்காரு. நம்ம வீட்டுல யாரு தனியா விட்டா? எனக்கு அப்பச்சி தவறுனப்ப பதினாலு வயசு. அழுறதுக்கு ஒரு மூலை கிடைக்கலை. எந்த அறைக்குப் போனாலும் ஒரு ஆச்சி காப்பியோட நிப்பாக.

என்னைப் பிடிச்சது வேற இடம். பாட்டி வீட்டு ஹாலை அடிச்சு நொறுக்குவானே, அது. நான் நொறுக்குனது முகப்புல மாட்டியிருந்த பெல்ஜியம் கண்ணாடி, பாட்டையா காலத்துது. சத்தம் கேட்டு அப்பத்தா வந்தாக. அடிப்பாகன்னு நினைச்சேன். "கால்ல குத்தப்போகுது, தள்ளி நில்லுய்யா"ன்னாக. விளக்குமாத்தை எடுத்து அவுகளே கூட்டி, கடகப்பெட்டியில அள்ளிக்கிட்டுப் போனாக. அதுக்குப் பிறகு சாகுற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

கதையில அந்தப் பாட்டி திட்டாம, மிச்சமிருந்த அலமாரியைத் தானே இழுத்துச் சாய்ப்பாக பாருங்க. காலேஜ்ல அதைப் படிச்சப்பத்தான் உறைச்சது, அப்பத்தா பறிகொடுத்தது பெத்த மகனைன்னு.

ஒண்ணு மட்டும் சொல்லணும். எழுதினவரு சொந்தமா அனுபவிச்சு எழுதினாரான்னு எனக்கு எப்பவும் சந்தேகம் உண்டு.

தேவகோட்டை டீச்சர்

பள்ளத்தூர்த் தம்பி, அந்தச் சந்தேகம் வேண்டாம். அந்தக் கதையோட கரு பேட்ரிக் நெஸ்ஸுடையதே இல்லை. ஷிவான் டவுட்னு ஒரு எழுத்தாளர், மார்பகப் புற்றுநோயோட இருந்தப்ப யோசிச்சு வச்சது. எழுதுறதுக்குள்ள 2007ல இறந்துட்டாங்க. அவங்களை ஒருதரம்கூடப் பார்க்காத நெஸ் அதை வாங்கி எழுதி 2011ல வெளிவந்தது. எழுத்துக்கு கார்னகி, ஓவியத்துக்கு கிரீனவே, ரெண்டு பதக்கமும் மறு வருஷம் இந்த ஒரே புத்தகத்துக்குக் கிடைச்சுது. நோயில இருந்தவங்க கையிலருந்து வந்த கதை அது.

என் அனுபவம் சின்னது. எட்டாம் வகுப்புல ஒரு பிள்ளைக்கு அப்பா இல்லை. மூணு பீரியட்ல இந்தக் கதையைத் தமிழ்ல சொன்னேன். மரத்தை வேப்பமரமா மாத்திட்டேன், அது தப்பு. வேம்புன்னா நமக்கு மாரியாத்தா, பயமே போயிடுச்சு. அந்த மரம் கல்லறைப் பக்கத்துல நிக்கணும். அந்தப் பிள்ளை மட்டும் கடைசியில, "அவங்கம்மாவுக்கு அவன் நினைச்சது தெரியுமா டீச்சர்?"னு கேட்டுச்சு. எனக்குப் பதில் வரலை.

பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை. வருஷத் திதி முடியிற வரைக்கும் பிள்ளைங்க கையில இதைத் திணிக்காதீங்க. கண்ணுல படுற இடத்துல வச்சிடுங்க, அதுவா எடுக்கட்டும். எந்தப் பக்கம் வந்திருக்கேன்னு கேட்காதீங்க. வாசிக்கிறப்பப் பக்கத்துல உட்காராதீங்க, ஆனா வீட்டை விட்டும் போயிடாதீங்க. அழுதா காப்பி கொண்டுபோய் நீட்டாதீங்க. 'நீதான் இனி ஆத்தா'ன்னு எந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லாதீங்க, பதினேழு வயசு ஆத்தாவாகிற வயசு இல்லை. இங்கிலீஷ் சிரமம்னா மத்தியானம் பக்கம் பக்கமா வாசிச்சுச் சொல்லுங்க, ராத்திரியில வேண்டாம். சிரிக்கிற இடம் வந்தா பிள்ளை சிரிக்கட்டும், துக்க வீட்டுல சிரிப்பான்னு கேட்காதீங்க.

கானாடுகாத்தான் பொண்ணு

டீச்சர், அந்தப் பிள்ளை கேட்ட கேள்விதான் எனக்கும். கதையில அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் நான் நம்புறேன்.

தம்பிக்கு இப்ப பதிமூணு, அந்தப் பையன் வயசு. போன வாரம் புத்தகம் அலமாரியில இல்லை. அவன் தலையணைக்குக் கீழே இருக்கு. நான் பார்த்ததாக் காட்டிக்கலை. நூல் அடையாளம் வச்சிருக்கான், மூணாவது கதையில நிக்குது.