கலேன் மாளிகையில் தங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நண்பர்களுக்கு வணக்கம். அப்பா அம்மாவின் நாற்பதாவது திருமண நாளுக்கு அவர்களைத் தூத்துக்குடியிலிருந்து கிளாஸ்கோவுக்கு அழைத்து வருகிறோம். இரண்டு இரவாவது இருவரும் தனியாகக் கடலோரத்தில் தங்க வேண்டும் என்பது என் ஆசை.

ஸ்காட்லாந்தின் ஏர்ஷையர் கரையில் செங்குத்தான பாறை மேல் நிற்கும் கலேன் மாளிகையைத்தான் மனதில் வைத்திருக்கிறேன். அங்கிருந்த கென்னடி பிரபுக் குடும்பத்துக்காகக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் 1777 முதல் 1792 வரை உருமாற்றிக் கட்டியது. 1945-இல் அது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்டுக்கு வந்தபோது, மேல்தளத்தை இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தளபதி ஜெனரல் ஐசன்ஹோவர் தங்குவதற்கென்று ஒதுக்கினார்கள். அங்கே இப்போது விருந்தினர் தங்க ஆறு படுக்கையறைகள். மாளிகையின் நடுவில் தூண்கள் சூழ்ந்த நீள்வட்டப் படிக்கட்டு. வட்ட வடிவ வரவேற்பறையின் சன்னல்களுக்கு நேர் கீழே கடல். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா அந்தச் சன்னலை விட்டு நகரவே மாட்டார்.

தங்கியவர்கள் சொல்லுங்கள்: எந்த அறையிலிருந்து அய்ல்சா கிரெய்க் தீவு நன்றாகத் தெரியும்? அம்மாவுக்கு மூட்டுவலி, லிஃப்ட் மேல்தளம் வரை போகிறதா, இடையில் படி ஏற வேண்டுமா? இருவரும் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. முன்பே சொன்னால் சமைத்துத் தருவார்களா? பக்கத்து ஊரான மேபோல் ரயில் நிலையத்திலிருந்து டாக்சி எளிதில் கிடைக்குமா?

மே கடைசியில் போவதாக எண்ணம். காற்று அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள், தேதியை மாற்றிவிடுகிறேன். இதே கரையில் இருவருக்கு ஏற்ற வேறு பழைய மாளிகை தெரிந்தாலும் எழுதுங்கள்.