தம்பியின் காருக்கு என் பெயரில் மொன்ரானாவில் கம்பனி: பாஸ்போட் பிரதி கொடுக்கலாமா?

சுன்னாகத்தான்:

வணக்கம். அமெரிக்க வாகனப் பதிவும் வரியும் தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

தம்பி கலிபோர்னியாவில், சான் ஹோசேப் பக்கம் இருக்கிறான். ரொயோட்டா லாண்ட் குரூசர் ஒன்று வாங்கப் போகிறான், விலை 62,000 டொலர். அவனுடைய இடத்தில் விற்பனை வரி 10 வீதத்துக்குக் கிட்ட. வரி மட்டும் 6,200 டொலர் என்று வையுங்கள், நம்மூர்க் காசில் 18 இலட்சத்துக்கு மேல். மொன்ரானா மாநிலத்தில் விற்பனை வரியே இல்லையாம். அங்கே ஒரு எல்.எல்.சி, அதாவது வரையறுத்த பொறுப்புக் கம்பனி, தொடங்கி, காரைக் கம்பனியின் பெயரில் பதிந்துவிட்டால் அந்த 6,200 மிச்சமாம். வேலையிடத்தில் இரண்டு பேர் அப்படித்தான் ஓடித் திரிகிறார்களாம்.

இதற்குள் என் தலை எப்படி வந்தது என்றால், கம்பனியில் தன் பெயர் இருந்தால் பிடித்துவிடுவார்கள் என்று என் பெயரில் தொடங்கப் பார்க்கிறான். "அண்ணா, பாஸ்போட் பிரதியும் ஒரு கையெழுத்தும் காணும், உனக்கு ஒரு சதம் செலவில்லை" என்கிறான். நான் ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறவன். சீமெந்தும் கம்பியும் தெரியும், மொன்ரானா தெரியாது.

மேல்மாகாண இலக்கத்தகட்டோடு எத்தனையோ வாகனங்கள் யாழ்ப்பாணத்தில் ஓடுகின்றன, ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. இதுவும் அப்படித்தானா?

கொக்குவில் பழசு:

அமெரிக்கா எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்தவன் ஓடும் வாகனத்துக்கு என் பெயர் இருந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். என் மோட்டார் சைக்கிளை ஓப்பன் பேப்பரில் விற்றேன். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் வேறு யாருக்கோ. புத்தகத்தில் கடைசிவரை என் பெயர்தான். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் விடியக் காலமை பொலிஸ் படலையைத் தட்டுகிறது. கொடிகாமச் சந்தியில் ஒரு ஐயாவை இடித்துவிட்டு ஓடியது என் சைக்கிளாம். அன்று அந்நேரம் நான் கடையில் நின்றேன் என்று காட்ட ஒரு மாதம் அலைந்தேன். பிரதி கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

சும்மா சொன்னேன்:

எல்லோரும் ஏன் பயப்படுத்துகிறீர்கள்? மொன்ரானாவில் எல்.எல்.சி தொடங்குவது முழுக்கச் சட்டப்படியான அலுவல். வீடே இல்லாமல் மோட்டார் வீட்டு வண்டியில் ஊர் ஊராகத் திரியும் அமெரிக்கர்கள் பலர் அப்படித்தான் பதிகிறார்கள். 11 வருடம் பழைய வாகனத்துக்கு அங்கே ஒருமுறை பதிந்தால் ஆயுள் முழுக்கக் காணும். வரியைத் தவிர்ப்பது குற்றமில்லை.

உரும்பிராய் அக்கா:

கலிபோர்னியாவில் கணக்காளராக இருக்கிறேன், வயது 50 தாண்டிவிட்டது, அதனால் அக்கா என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மேலே எழுதிய தம்பிக்கு. கம்பனி தொடங்குவது சட்டப்படி சரி, அதை யாரும் மறுக்கவில்லை. வாகனம் எங்கே ஓடுகிறது என்பதுதான் கேள்வி. மோட்டார் வீட்டு வண்டிக்காரருக்கு நிரந்தர ஊர் இல்லை. சுன்னாகத்தாரின் தம்பிக்கு சான் ஹோசேயில் வீடும் வேலையும் இருக்கின்றன.

இப்போது விசயத்துக்கு. நம்மூரோடு ஒப்பிட்டதுதான் உங்களைக் குழப்பியிருக்கிறது. இலங்கையில் வாகனத்தின் பெரிய வரி துறைமுகத்திலேயே முடிந்துவிடும். சுங்கத்தீர்வை, வற், ஆடம்பர வரி எல்லாம் கட்டித்தான் வாகனம் வெளியே வரும். அதன் பிறகு மேல்மாகாணத்தில் பதிந்தால் என்ன, வடமாகாணத்தில் பதிந்தால் என்ன, மாறுவது வருடாந்த வருமான அனுமதிப் பத்திரக் காசு மட்டும். அமெரிக்காவில் வரி துறைமுகத்தில் இல்லை, வீட்டு வாசலில் இருக்கிறது. கார் இரவில் எங்கே படுக்கிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் வரி.

கடையில் வாங்கும்போது எடுப்பது விற்பனை வரி. வெளி மாநிலத்தில் வரியில்லாமல் வாங்கி உள்ளே கொண்டுவந்து பாவித்தால் அதே வீதத்தில் பாவனை வரி கட்ட வேண்டும். விற்பனை வரிக்கு இருக்கும் ஓட்டையை அடைக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். மொன்ரானா, ஓரிகன், நியூ ஹாம்ப்ஷயர், டெலவெயார், அலாஸ்கா என்று ஐந்து மாநிலத்தில் மாநில விற்பனை வரி கிடையாது. அங்கே வாங்கலாம், பிழையில்லை. உள்ளே கொண்டுவந்தால் கட்டத்தான் வேண்டும். கலிபோர்னியாவில் இருக்கும் ஒருவர் வாங்கி 12 மாதத்துக்குள் கார் மாநிலத்துக்குள் வந்தால், அங்கே பாவிக்கவே வாங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் வாங்கியவர். கார் வந்து 20 நாளுக்குள் அங்கே பதியவும் வேண்டும்.

வரி கட்டாமல் தப்பவென்றே தெரிந்துகொண்டு வெளி மாநிலத்தில் பதிந்தால், வரிக்கு மேல் அதன் 50 வீதம் தண்டம். 6,200 அப்போது 9,300 ஆகும், வட்டி வேறு. வருடா வருடம் கட்டும் பதிவுக் கட்டணத்தில் காரின் பெறுமதியில் 0.65 வீதம் ஒரு பகுதி, அதையும் பின்னோக்கிக் கேட்பார்கள்.

எப்படிப் பிடிபடும் என்று உங்கள் தம்பி கேட்பார். மொன்ரானாத் தகடு போட்ட கார் ஒரே அபார்ட்மென்ற் தரிப்பிடத்தில் மாதக்கணக்கில் நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் போதும். வெளி மாநிலத் தகட்டோடு உள்ளூரில் ஓடுகிறவர்களை முறையிடவென்றே அங்கே நெடுஞ்சாலைப் பொலிசுக்கு இணையப்பக்கம் இருக்கிறது. தகட்டை வாசிக்கும் கமராக்களும் பாலத்துக்குப் பாலம் நிற்கின்றன.

இனி உங்கள் பெயர் விசயம். எனக்கு நித்திரை வராமல் செய்தது அதுதான். அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஒருவர் தனியே ஒரு எல்.எல்.சிக்கு உரிமையாளராக இருந்தால், வருமானம் ஒரு சதம் இல்லாவிட்டாலும், உரிமையாளரோடு காசுக் கொடுக்கல் வாங்கல் இருந்த வருடத்துக்கு 5472 என்ற படிவத்தை 1120 என்ற கம்பனி வரிப் படிவத்தோடு சேர்த்து அமெரிக்க வரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் தண்டம் 25,000 டொலரில் தொடங்கும். நம்மூர்க் காசில் 75 இலட்சம். காரை விடப் பெரிய வில்லங்கம் இது. மொன்ரானாப் பதிவுக்காரர்கள் பலர் இதைச் சொல்வதில்லை, ஏனெனில் அவர்களுடைய வாடிக்கையாளர் அமெரிக்கர்.

ரொறன்ரோப் பனி:

அக்கா சொன்னது இங்கேயும் அச்சொட்டாகப் பொருந்தும். ஒன்ராறியோவில் 13 வீதம், அல்பேர்ட்டாவில் 5 வீதம் மட்டும். கல்கரியில் இருக்கும் மச்சானின் முகவரியில் காரைப் பதிந்த ஆள் நான்தான். இரண்டு வருடம் வீரம். பிறகு ஒரு பனிக்காலக் காலமை வழுக்கிப் போய்க் கம்பத்தில் அடித்தேன். இன்சூரன்ஸ்காரர் கேட்ட முதல் கேள்வி, "கார் வழமையாக இரவில் எங்கே நிற்கும்?" அடிபட்டது ஸ்காபரோவில், பத்திரத்தில் கல்கரி, நடுவில் 3,000 கிலோமீற்றருக்கு மேல். நட்ட ஈடு ஒரு சதம் வரவில்லை. மிச்சம் பிடித்த வரியை விட மூன்று மடங்கு என் கையால் போனது. மச்சானின் பெயரையும் குறித்துக்கொண்டார்கள், அவர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

வங்கிக்காரன்:

இங்கத்தைப் பக்கமும் ஒன்று இருக்கிறது. இலங்கையில் வசிப்பவர் வெளிநாட்டுக் கம்பனியில் முதலிடுவதற்கு 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகள் உண்டு. காசு வெளிமுக முதலீட்டுக் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். காசு தம்பியுடையதுதான், ஆனால் பேப்பரில் பங்கு உங்களுடையது. நாளைக்கு எந்த அலுவலுக்காவது வங்கியில் போய் நின்றால் இதை விளங்கப்படுத்தவே அரை நாள் போகும்.

சுன்னாகத்தான்:

எல்லோருக்கும் நன்றி. ஒன்றை நான் சொல்லாமல் விட்டேன். பிரதியைச் சனிக்கிழமையே அனுப்பிவிட்டேன். கையெழுத்தும் வட்ஸ்அப்பில் போய்விட்டது. "கொடுக்கலாமா" என்று கேட்டது வெட்கத்தில். இப்போது என்ன செய்வது?

கொக்குவில் பழசு:

நினைத்தேன்.

உரும்பிராய் அக்கா:

பதற வேண்டாம். மொன்ரானா மாநிலச் செயலாளரின் இணையத்தளத்தில் கம்பனிப் பெயரைப் போட்டு யாரும் தேடலாம், காசு தேவையில்லை. பதிவாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். கார் டீலரிடமிருந்து எடுத்தாயிற்றா என்பதையும் தம்பியிடம் கேளுங்கள்.

சுன்னாகத்தான்:

இங்கே இரவு ஒன்பதரைக்குக் கூப்பிட்டேன், அவனுக்குக் காலமை ஒன்பது. கார் இன்னும் நெவாடா மாநிலத்து லாஸ் வேகாஸ் டீலரிடம் நிற்கிறது, முற்பணம் மட்டும் கட்டியிருக்கிறான். கம்பனி செவ்வாய்க்கிழமை பதிவாகிவிட்டது. தேடிப் பார்த்தேன், எங்கள் ஒழுங்கையின் பெயரைத்தான் கம்பனிக்கு வைத்திருக்கிறான், ஆங்கிலத்தில், பிழையான எழுத்துக் கூட்டலோடு. கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்த ஒழுங்கையில்தான் அவனுக்கு சைக்கிள் பழக்கினேன்.

பதிந்து கொடுத்தவருக்கு 950 டொலர் கட்டினானாம், திரும்ப வராதாம். இன்சூரன்ஸ் கதையைச் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமில்லை. 25,000 டொலர் தண்டம் என் பெயரில் வரும் என்றதும்தான் "சரி அண்ணா" என்றான்.

உரும்பிராய் அக்கா:

கார் கம்பனியின் பெயருக்குப் போகாதது பெரிய நிம்மதி. தம்பி காரைத் தன் பெயரில் எடுத்து கலிபோர்னியாவில் பதியட்டும். நெவாடாவில் ஏதும் வரி எடுத்திருந்தால் அதைக் கழித்து மிச்சத்தைத்தான் கேட்பார்கள், இரண்டு தரம் கட்டத் தேவையில்லை. எடுப்பதற்கு முதல் பொனற்றைத் திறந்து புகைத்தர லேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். கலிபோர்னியாவுக்கும் ஏற்றது என்று அதில் இருக்க வேண்டும். இல்லாத புது வாகனத்தை, 7,500 மைல் ஓடாததை, அங்கே பதிய விடமாட்டார்கள். எல்லோரும் வரியைப் பார்த்துக்கொண்டு இதில் போய் விழுவார்கள்.

கம்பனியை மூடும் படிவத்தை உடனே கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் மூடினாலும் 5472 போகாது. தொடங்கக் கட்டிய 950 டொலரும் மூடக் கட்டும் காசும் அந்தப் படிவத்தில் காட்ட வேண்டிய கொடுக்கல் வாங்கல்தான். தம்பி கட்டினாலும் உங்களுக்காகக் கட்டியது என்றுதான் கணக்கு. ஒரே ஒருமுறை, அடுத்த ஏப்ரல் 15 இற்குள் அனுப்ப வேண்டும். அதற்குக் கம்பனிக்கு வரி இலக்கம் வேண்டும். எஸ்எஸ்-4 படிவத்தை நிரப்பி நீங்கள் கையெழுத்து வைத்தால் தம்பி அங்கிருந்து ஃபக்ஸில் அனுப்பலாம். ஓம், அமெரிக்காவில் இன்னும் ஃபக்ஸ்தான்.

சும்மா சொன்னேன்:

950 டொலரும் போய், வரியும் கட்டி, படிவமும் நிரப்பி. சரி, தோற்றேன்.

சுன்னாகத்தான்:

படிவத்தை அச்செடுத்து முன்னால் வைத்திருக்கிறேன் அக்கா. முகவரியில் தெரு இலக்கம் கேட்கிறது. எங்கள் வீட்டுக்கு இலக்கமே இல்லை, தபால்காரர் அப்பாவின் பெயரைப் பார்த்துத்தான் கொண்டுவருவார். ஒழுங்கைப் பெயரை எழுதினால் கம்பனியின் பெயரும் முகவரியும் ஒன்றாக வருகிறது, எழுத்துக் கூட்டல் மட்டும்தான் வேறு. பரவாயில்லையா?

உரும்பிராய் அக்கா:

பரவாயில்லை. கம்பனிப் பெயரைத் தம்பி பதிந்த பிழையோடு அப்படியே எழுதுங்கள், முகவரியைச் சரியாக எழுதுங்கள். மாறிப் போனால்தான் திரும்பி வரும்.