மறு: அறிகைத்திறன் நலிவு – எம்.எஸ். நோயாளிகளுக்கு இதை எந்தச் சொல்லால் சொல்வது?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

இழை நீண்டுவிட்டது, அதனால் வந்த சொற்களை முதலில் ஒருமுறை கூட்டிப் பார்க்கிறேன். நினைவு, கவனம், யோசிக்கும் வேகம் முதலியவை தளர்வதைக் குறிக்கும் 'காக்னிட்டிவ் இம்பேர்மென்ட்' என்பதற்கு இதுவரை அறிவுத்திறன் குறைபாடு, அறிவாற்றல் பாதிப்பு, புலனறிவுக் குறை, அறிதிறன் இழப்பு, அறிகைக் குறைபாடு ஆகியவை வந்திருக்கின்றன. எதையும் அவசரத்தில் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்தச் சொல்லை நோயாளியின் கையில் கொடுக்கும் தாளில் எழுதப்போகிறோம் என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறோமோ என்று தோன்றுகிறது.

என் அக்காவுக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்) இருக்கிறது. கணக்கெழுதுவதுதான் அவள் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு ஒரு சோதனை செய்து தமிழில் ஒரு சுருக்கக் குறிப்பு கொடுத்தார்கள். அதில் 'அறிவுத்திறன் குறைபாடு உள்ளது' என்று எழுதியிருந்தது. அக்கா அதை வாசித்துவிட்டு நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சொல்லை அவள் இதற்கு முன் கேட்டதெல்லாம் பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பற்றிய பேச்சில்தான். இரண்டும் வேறு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, இப்போது ஒவ்வொன்றாக.

'புலனறிவு' இந்த நோய்க்கு ஒத்துவராது. புலன் என்றால் கண், காது, தோல். எம்.எஸ். நோயில் கால் மரத்துப்போவது, தோலில் எரிச்சல், கண் நரம்பு அழற்சியால் பார்வை மங்குவது எல்லாமே உண்டு. புலனறிவுக் குறை என்று எழுதினால் மரத்துப்போன பாதத்தைப் பற்றிச் சொல்கிறோம் என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். வேறொரு நோய்க்கு இந்தச் சொல் பிழைக்கலாம், இங்கே குழப்பும்.

'இழப்பு' என்றால் போனது போனதுதான் என்று ஆகிவிடுகிறது. 'பாதிப்பு' வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் வியாபாரத்துக்கும் வந்துவந்து தேய்ந்த சொல். தவறில்லை, ஆனால் கலைச்சொல்லுக்கு வேண்டிய கூர்மை அதில் இல்லை.

'குறைபாடு'தான் உண்மையான போட்டி. மூத்தவர் ஐயா அதை ஆதரித்து எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். பழகிய சொல், பாடநூலில் இருக்கிறது, சட்டத்திலும் இருக்கிறது என்கிறார். மறுக்க முடியாது. என் தயக்கம் வேறு. இந்தச் சொல்லைத் தனியாக வைத்துப் பார்க்காமல், அந்த நோயில் என்ன நடக்கிறது, அதை எப்படி அளக்கிறார்கள் என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அது விளங்கும். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ். நோயில் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே நரம்பிழைகளின் மேலுறையான மயலினைத் தாக்குகிறது. மின்கம்பியின் உறை உரிந்ததைப் போல என்று பலரும் விளக்குவார்கள். ஆனால் உறை போனால் செய்தி ஒரேயடியாக நின்றுவிடுவதில்லை, பல இடங்களில் மெதுவாகப் போகிறது, சில இடங்களில்தான் அறுந்துபோகிறது. பிரான்ஸின் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ 1868-இல் இந்த நோயைத் தெளிவாக வரையறுத்தார். நினைவு தளர்வதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் தம் விரிவுரைகளிலேயே அவர் குறிப்பிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வெகுகாலம் மருத்துவம் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நரம்பியல் மருத்துவர் குர்ட்ஸ்கி 1983-இல் வெளியிட்ட, நோயால் வரும் இயலாமையை அளக்கும் இ.டி.எஸ்.எஸ். அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 0-இலிருந்து 10 வரை போகும் அந்த அளவுகோலில், 4-க்கு மேலே எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, கைத்தடி வேண்டுமா, சக்கர நாற்காலி வேண்டுமா என்பதே பெரும்பாலும் எண்ணைத் தீர்மானிக்கிறது. நன்றாக நடப்பவர் வேலையில் தடுமாறினால் அது அந்த எண்ணில் தெரியாது. ஆனால் ஆய்வுகள் காட்டுவது, எம்.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழ 40 முதல் 65 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்த நலிவு இருக்கிறது என்பதைத்தான்.

('தண்டுவட மரப்பு நோய்' என்று நாம் எழுதும் பெயரே இதற்கு ஒரு தடை என்று நினைக்கிறேன். அந்தப் பெயரில் மூளைக்கு இடமே இல்லை. தண்டுவடத்து நோய்க்கு ஏன் நினைவாற்றலைச் சோதிக்கிறார்கள் என்று அக்காவின் கணவர் கேட்டதற்கு அந்தப் பெயர்தான் காரணம். இதற்குத் தனி இழை தொடங்குவோம். அதுவரை நோயாளிகள் சொல்வதைப் போலவே எம்.எஸ். என்றே எழுதுகிறேன்.)

முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் வேகம்தான், இங்கேதான் நம் சொல்லுக்கான வேலை இருக்கிறது. பேச்சு புரியும், கணக்குத் தெரியும், பதிலும் சரியாக இருக்கும், ஆனால் வர நேரமாகும். அக்கா சொல்வது இப்படி: "தொண்டை வரைக்கும் வருது, வெளியே வர மாட்டேங்குது." ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் அவள் அமைதியாகிவிடுவாள். தனியாக இருந்தால் நன்றாகப் பேசுவாள். இதைக் 'குறைபாடு' என்றால், இருக்க வேண்டிய ஏதோ ஒன்று அவளிடம் இல்லை என்று ஆகிறது. வைட்டமின் குறைபாடு என்கிற மாதிரி.

இப்போது அளவீட்டைப் பாருங்கள். இந்த நோயில் மிக அதிகமாகப் பயன்படும் சோதனை ஆரன் ஸ்மித் உருவாக்கியது, எஸ்.டி.எம்.டி. என்பார்கள். தாளின் தலைப்பில் ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே 1 முதல் 9 வரை ஓர் எண். கீழே வரிசை வரிசையாகக் குறிகள் மட்டும். 90 நொடிகளில் எத்தனை குறிகளுக்குச் சரியான எண்ணைச் சொல்ல முடிகிறது என்று பார்க்கிறார்கள். எழுதச் சொன்னால் கைநடுக்கமும் பலவீனமும் சேர்ந்து அளவைக் கெடுக்கும் என்பதால் இந்த நோயில் வாயால் சொல்லச் சொல்வதே வழக்கம். முடிவில் கிடைப்பது 'உண்டு, இல்லை' என்ற பதிலாக இராது. 52, 47, 38 என்று ஓர் எண்ணாக இருக்கும். முந்தைய அளவைவிட 4 புள்ளி குறைந்தாலே கவனிக்க வேண்டிய மாற்றமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் நமக்கு வேண்டிய சொல் கூடவும் குறையவும் இடம் தர வேண்டும். 'குறைபாடு 4 புள்ளி கூடியது' என்று எழுதிப் பாருங்கள். கூடியதா குறைந்ததா என்று வாசிப்பவர் நின்று யோசிப்பார்.

'நலிவு' என்று வைத்தால் லேசான நலிவு, மிதமான நலிவு, கடும் நலிவு, நலிவுற்ற, நலிவற்ற, நலியத் தொடங்கிய எல்லாம் இயல்பாக வருகின்றன. நலிந்தது தேறவும் முடியும். 'நலிந்த பிரிவினர்' என்ற பொருளாதாரப் பொருள் ஒட்டிக்கொண்டு வருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். வரட்டும். நலிந்த தொழிலுக்குக் கைகொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே வருகிறது, அது நமக்கு நல்லதுதான்.

வேகம் குறைவதை மட்டும் தனியாகச் சொல்ல 'சுணக்கம்' போதும். செயலாக்க வேகக் குறைவு என்று மூன்று சொல்லைக் கட்டி இழுக்க வேண்டாம். 'தகவலைக் கையாள்வதில் சுணக்கம்' என்றால் யாருக்கும் புரியும். நினைவு, கவனம், திட்டமிடல், சொல் தேடல் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் பொதுச்சொல்லுக்கு மட்டும் நலிவு.

'காக்னிட்டிவ்' என்ற முன்பாதிக்கு வருவோம். 'அறிகை' எனக்குப் பிடித்த சொல். இலங்கைக் கல்வியியல் நூல்களில் 'அறிகை விருத்தி' நன்றாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் டாக்டர் நண்பர் சொன்ன ஆட்சேபம் மிகச் சரியானது. வேகமாக வாசிக்கும்போது அது 'அறிக்கை' ஆகிவிடுகிறது. அவர் எழுதிய ஒரே மடலில் இரண்டு இடத்தில் தட்டச்சே அப்படி மாறியிருந்தது. வாசிப்பிலும் கவனத்திலும் சிரமப்படுகிறவர்களுக்கு எழுதும் தாளில், ஓர் ஒற்றெழுத்தால் பொருள் மாறும் சொல்லை வைப்பது நியாயமில்லை. நான் இதை யோசிக்கவே இல்லை, அவருக்கு நன்றி. 'அறிகைத்திறன்' என்று நீட்டினால் அந்தத் தடுமாற்றம் போய்விடுகிறது. 'அறிதிறன்' குட்டையானது, ஆனால் அறிதிறன்பேசி என்று கைப்பேசியில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆகவே 'அறிகைத்திறன் நலிவு' என்பதே என் முன்மொழிவு.

சோதனைகளின் பெயர்களுக்கு வருகிறேன். எஸ்.டி.எம்.டி.க்குக் 'குறியெண் சோதனை' என்று ஒரு பரிந்துரை வந்தது. குறியெண் என்றால் ஏற்கெனவே அடையாள எண் என்று பொருள் உண்டே. 'குறி–இலக்க இணைப்புச் சோதனை' என்று வைக்கலாம். 2012-இல் பன்னாட்டு வல்லுநர்கள் பரிந்துரைத்த பைகாம்ஸ் என்ற சோதனைச் சிறுதொகுப்பில் இதோடு இன்னும் இரண்டு உண்டு: பதினாறு சொற்களை ஐந்து முறை கேட்டுத் திருப்பிச் சொல்வது, ஆறு உருவங்களைப் பத்து நொடி பார்த்துவிட்டு வரைவது, இது மூன்று முறை. மொத்தம் பதினைந்து நிமிடம்தான் ஆகும். தாள், பேனா, நிறுத்துக் கடிகாரம் இருந்தால் போதும். இவற்றுக்குச் 'சொற்பட்டியல் நினைவுச் சோதனை', 'உருவ நினைவுச் சோதனை' என்று நேராகவே சொல்லிவிடலாம். 'பேசாட்' என்ற வேறொரு சோதனையின் பெயர் மட்டும் இன்னும் இடிக்கிறது. மூன்று நொடிக்கு ஓர் எண் ஒலிக்கும், ஒவ்வொன்றையும் அதற்கு உடனே முன்னால் கேட்ட எண்ணோடு கூட்டிச் சொல்ல வேண்டும். 3, 5, 2, 7 என்று வந்தால் விடை 8, 7, 9. தான் சொன்ன விடையை மறந்துவிட்டு, கேட்ட எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம். நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கே இது படபடப்பைத் தரும். 'தொடர்கூட்டல் சோதனை' என்கிறேன், இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், யாரும் எழுப்பாத ஒன்று. பெயரை மொழிபெயர்த்தால் சோதனை தமிழாகிவிடாது. ஆங்கிலத்தில் 1 முதல் 9 வரை ஏழைத் தவிர எல்லாம் ஓரசைச் சொற்கள். தமிழில் ஆறு, ஏழு, எட்டு கூட ஈரசை, 'இரண்டு', 'ஒன்பது' என்பவை இன்னும் நீளம். 90 நொடி ஓட்டத்தில் இது எண்ணிக்கையைப் பாதிக்கக்கூடும். ஆங்கிலம் பேசுவோரிடம் எடுத்த இயல்பளவுகளை (நலமாக இருப்பவர்கள் வழக்கமாகப் பெறும் அளவுகளை) அப்படியே எடுத்துவந்து, 'சராசரியிலிருந்து ஒன்றரைத் திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியைச் சுற்றிப் பரவும் அலகு) கீழே இருக்கிறார், ஆகவே நலிவு' என்று தமிழருக்குத் தீர்ப்பெழுதுவது சரியாகாது. வயது, படிப்பு எல்லாம் பார்த்து நம் மொழியிலேயே இயல்பளவு எடுக்க வேண்டும். சொற்பட்டியலும் அப்படித்தான். பதினாறு ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்கினால் போதாது, அதே அளவு புழக்கமும் நீளமும் உள்ள தமிழ்ச் சொற்களைத் தேட வேண்டும். கலைச்சொல் ஆர்வலர்களான நமக்கு இதில் பெரிய வேலை இருக்கிறது, மருத்துவர்கள் தனியாகச் செய்ய முடியாதது.

இன்னொரு சிறு விஷயம். நோயாளியே 'எனக்கு மறதி' என்று சொல்வதும் சோதனை காட்டுவதும் பல நேரம் பொருந்துவதில்லை. மனச்சோர்வும் உடற்களைப்பும் அந்த முறையீட்டைக் கூட்டிவிடுகின்றன. கூட இருப்பவர் சொல்வது சோதனையோடு ஓரளவு நன்றாகவே ஒத்துப்போகிறது. அதனால் கேள்வித்தாளில் 'நலிவு' என்ற சொல்லே வர வேண்டாம், 'பேச்சைத் தொடர்வதில் சிரமம் உண்டா' என்று கேட்டால் போதும்.

தாளின் முதல் பத்தியை இப்படி எழுதிவைத்திருக்கிறேன்:

"எம்.எஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளைத் தாக்கும் நோய். அதனால் சிலருக்கு யோசிப்பதிலும் நினைவில் வைப்பதிலும் சுணக்கம் வரலாம். இதை அறிகைத்திறன் நலிவு என்கிறோம். இது உங்கள் அறிவு குறைந்துவிட்டது என்று பொருள்படாது. இன்று எடுக்கும் அளவு உங்கள் தொடக்க அளவு. அடுத்த ஆண்டு எடுப்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்."

நேற்று இரவு அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். 'பொருள்படாது' என்பதை எடுத்துவிட்டு 'அர்த்தம் இல்லை' என்று போடச் சொன்னாள். 'நலிவு' வந்த இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு, "சரி, இருக்கட்டும்" என்றாள். நீங்களும் ஒருமுறை உரக்க வாசித்து, நாக்கு எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது.

அன்புடன்